காய்ச்சல் அங்கே வெறும் உவமை இல்லை: ஷேக்ஸ்பியர், டன், மில்டன் கவிதைகளில் மருத்துவம்

கேள்வி இதுதான்: "எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். 16, 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களில் யாரை எடுத்தாலும் காய்ச்சல், மருத்துவர், பேதி மருந்து, பிணம் அறுப்பது என்று வந்துகொண்டே இருக்கிறது. இது அந்தக் காலத்து அலங்காரப் பழக்கமா, இல்லை இவர்களுக்கு உண்மையிலேயே மருத்துவம் தெரிந்திருந்ததா?"

பின்பாதிக்குப் பதில் சுலபம். சிலருக்கு நன்றாகவே தெரியும், மற்றவர்களுக்கு நோயாளியாகப் படுத்துக் கிடந்த அளவுக்குத் தெரியும். முன்பாதிதான் முக்கியம், ஏனென்றால் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கவிதைகளில் பாதி நம் கைக்கு வராமலே போய்விடும். "காதல் காய்ச்சல் மாதிரி" என்று இன்று ஒருவர் எழுதினால் உவமை என்று கடந்துபோகலாம். 1600 வாக்கில் எழுதியிருந்தால், முதலில் அதை உடம்பைப் பற்றிய ஒரு தகவலாகப் படியுங்கள், உவமையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் அன்றைய மருத்துவம். கிரேக்க மருத்துவர் கேலனிடமிருந்து வந்த கணக்குப்படி உடம்பில் நான்கு நீர்கள்: இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புரிவது கஷ்டமில்லை, எண்ணிக்கையும் விவரமும்தான் வேறு. கோபம் என்றால் மஞ்சள் பித்தம் மிஞ்சிவிட்டது, தீராத சோகம் என்றால் கரும்பித்தம் தேங்கிவிட்டது. மனசு என்று தனியாக ஓரிடத்தில் நடப்பதாக யாரும் நினைக்கவில்லை, உணர்ச்சி ஓடியது இரத்தத்தோடும் பித்தத்தோடும்தான். அதனால் காதல் நோய் என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட நோய். ஒரு பெண்ணுக்கு என்ன வியாதி என்று தெரியாமல் தவித்தபோது, பிலாடீஸ் என்ற நடனக்காரனின் பெயரை யாரோ சொன்னதும் அவள் நாடி தாறுமாறாக அடித்ததை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று கேலனே எழுதியிருக்கிறார். 1621-ல் ராபர்ட் பர்ட்டன் சோக நோயைப் பற்றி எழுதிய பெரும் நூலில் ஒரு பெரிய பகுதி முழுக்கக் காதல் நோய்க்குத்தான்: அதன் காரணம், அறிகுறி, சிகிச்சை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியரின் 147-ஆம் சானெட்டைப் படியுங்கள் (சானெட் என்றால் பதினான்கு வரிக் கவிதை, அவருடையவை அச்சானது 1609-ல்). முதல் வரியிலேயே என் காதல் காய்ச்சல் போன்றது என்கிறார், போன்றது என்ற சொல்லும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியிலிருந்து ஒப்பிடும் வேலையே இல்லை, ஒரு நோயாளியின் கதை வரிசையாகப் போகிறது. நோயை வளர்க்கும் உணவுக்கே நாக்கு ஏங்குகிறது. மருத்துவர் வந்து பார்க்கிறார், அவர் பெயர் பகுத்தறிவு. எழுதிக் கொடுத்ததைச் சாப்பிடவில்லை, சொன்ன பத்தியத்தைக் கேட்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார். அப்புறம் காய்ச்சல் தலைக்கு ஏறுகிறது, நினைப்பும் பேச்சும் பைத்தியக்காரனுடையதைப் போல ஆகின்றன. கடைசி இரண்டு வரியில் நேராக அவளைப் பார்த்துச் சொல்கிறார்: நீ அழகி என்று சத்தியம் செய்தேன், ஒளி என்று நினைத்தேன், நீயோ நரகத்தைப் போலக் கறுப்பு, இரவைப் போல இருட்டு.

இந்த முடிவை வகுப்பில் பெரும்பாலும் "காதலியின் துரோகம் அம்பலமாகிறது" என்று சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அது போதவில்லை. மருத்துவர் போய்விட்டார், புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி முடித்த ஆள்தான் இந்த இரண்டு வரியைச் சொல்கிறான். அப்படியென்றால் இது தெளிந்தபின் சொன்ன உண்மையா, ஜன்னியில் பிதற்றுவதா? நோயின் கட்டங்களை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால் மட்டுமே இந்தச் சந்தேகம் எழுகிறது. நான் இது ஜன்னி என்ற பக்கம்தான் சாய்வேன், ஆனால் தீர்ப்புச் சொல்ல முடியாதபடி எழுதியிருப்பதில்தான் அவர் திறமை இருக்கிறது.

118-ஆம் சானெட்டும் இதே வகை. நோய் வருமுன் காக்கிறேன் என்று ஆரோக்கியமாக இருப்பவர்களே பேதிக்குச் சாப்பிடும் பழக்கம் அப்போது சாதாரணம். உன் இனிமை திகட்டிப் போய்விடுமோ என்று பயந்து, நோயே வராதபோது கசப்பு மருந்தைத் தேடிப் போனேன், கடைசியில் மருந்தே விஷமானது என்கிறார். அன்று இதைப் படித்தவர்களுக்கு அந்த மருந்தின் குமட்டல் வாயிலேயே தெரிந்திருக்கும்.

சரி, மருத்துவம் தெரிந்தவர்கள் யார்? பாட்டுக்குப் பேர்போன தாமஸ் கேம்பியன் பிரான்சில் கேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். கவிதை, உரைநடைக் கதை எல்லாம் எழுதிய தாமஸ் லாட்ஜ் பின்னாளில் மருத்துவராகி, 1603-ல் பிளேக்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹென்றி வான் வேல்ஸில் மருத்துவம் பார்த்தார். ஜான் டன்னின் அம்மா இரண்டாவதாக மணந்துகொண்ட ஜான் சிமிஞ்சஸ், லண்டன் மருத்துவர் கழகத்தின் தலைவராக இருந்தவர், அதனால் டன் சிறு வயதிலிருந்தே மருத்துவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஜார்ஜ் ஹெர்பர்ட் பட்டம் பெற்றவர் இல்லை, ஆனால் கிராமத்துப் பாதிரியாருக்கு மூலிகையும் கைவைத்தியமும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியவர், தானே காசநோயில் 1633-ல் இறந்தவர். "துன்பம்" என்ற தலைப்பில் அவர் எழுதிய முதல் கவிதையில் நோய்கள் எலும்பைப் பிளக்கின்றன, உடம்பை உருக்கும் காய்ச்சல் நரம்புக்கு நரம்பு குடியிருக்கிறது என்று சொல்லுமிடத்தில் உருவகம் தேடிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இவர்கள் எல்லோர் தலைக்கு மேலும் இருந்தது கொள்ளைநோய். 1603-ல் லண்டன் மக்கள்தொகை சுமார் 2,00,000, அந்த ஒரே வருடத்தில் பிளேக்கில் இறந்தவர்கள் சுமார் 30,000 பேர். நோய் கண்ட வீட்டைப் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, "ஆண்டவரே, எங்கள்மேல் இரக்கம் வையும்" என்று எழுதி வைப்பார்கள். தாமஸ் நாஷ் 1592-ல், பிளேக் பரவிக்கொண்டிருந்தபோது எழுதிய நாடகத்தில் ஒரு பாட்டு வருகிறது. அதன் ஒவ்வொரு பத்தியும் "நான் நோயாளி, நான் சாகத்தான் வேண்டும், ஆண்டவரே எங்கள்மேல் இரக்கம் வையும்" என்றே முடிகிறது. தேவாலய மன்றாட்டில் வரும் வரிதான் அது, ஆனால் பாட்டைக் கேட்டவர்கள் அதே வரியைத் தெருவில் பூட்டிய கதவுகள்மேல் பார்த்துவிட்டு வந்தவர்கள். அதே பாட்டில் காற்றிலிருந்து ஒளி உதிர்கிறது என்று ஒரு வரி உண்டு, ஆங்கிலக் கவிதையிலேயே மிக அழகான வரிகளில் ஒன்றாகப் பலர் மேற்கோள் காட்டுவது. கெட்ட காற்றுதான் பிளேக்கைக் கொண்டுவருகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த அழகுக்குள்ளேயே ஒரு பயம் இருப்பது தெரியும். மருத்துவமும் ஒருநாள் வாடித்தான் ஆக வேண்டும் என்று கொஞ்சம் முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் அவர் அங்கே வருகிறார்.

ஷேக்ஸ்பியர் இதே கதவு வாசகத்தைக் காதல் வேடிக்கைக்கு எடுத்துக்கொள்வார். நாலு பேர் காதலில் விழுந்த நாடகம் ஒன்றில், மற்ற மூன்று பேர்மேலும் "ஆண்டவரே இரக்கம் வையும்" என்று எழுதுங்கள், உங்கள் கண்களிலிருந்து அவர்களுக்குப் பிளேக் தொற்றிவிட்டது என்கிறான் ஒருவன், பெண்களைப் பார்த்து. டன்னும் தன் காதலைக் குறை சொல்பவனிடம் கேட்கிறார்: என் நரம்புகளை நிறைக்கும் சூடு, பிளேக் பட்டியலில் ஒரு பெயரையாவது கூட்டியதா? லண்டனில் வாராவாரம் எத்தனை பேர் செத்தார்கள் என்று பட்டியல் போடுவார்கள், அந்தத் தாளைத்தான் காதல் வாதத்துக்குள் இழுக்கிறார். இதற்கு நேர் எதிராக ஒன்று: பென் ஜான்சனின் மூத்த மகன் ஏழு வயதில், 1603 பிளேக்கில் இறந்தான். அவனுக்காக அவர் எழுதிய பன்னிரண்டு வரியில் பிளேக் என்ற சொல்லே கிடையாது. கடனாகக் கொடுத்த பிள்ளையை உரிய நாளில் திருப்பிச் செலுத்தினேன் என்கிறார், உலகத்தின் கொடுமையிலிருந்தும் உடம்பின் கொடுமையிலிருந்தும் சீக்கிரமே தப்பிவிட்டாய் என்கிறார், அவ்வளவுதான். நோய்ச் சொற்களைத் தேடும்போது, எங்கே அவை வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி டன். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் இவரளவுக்குப் போனவர் யாரும் இல்லை. 1611-ல் எலிசபெத் ட்ரூரி என்ற பதினைந்து வயதுகூட ஆகாத பெண்ணின் மறைவுக்கு எழுதிய நீண்ட கவிதையில், உலகம் செத்துப்போய்விட்டது, அதன் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தப் போகிறேன் என்று ஆரம்பிக்கிறார். 1540-லேயே சட்டம் போட்டு, லண்டன் அறுவை மருத்துவர் சங்கத்துக்கு வருடத்துக்கு நான்கு தூக்குக் கைதிகளின் உடல்களைக் கொடுத்து வந்தார்கள். பதப்படுத்தும் வசதி இல்லாததால் எல்லாம் அழுகும் முன் வேகமாக நடந்தாக வேண்டும். டன் இதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்: செத்தவனை அறுக்கும்போது எல்லா உறுப்பையும் விளக்கும் வரை உடல் தாங்காது, அதனால் முக்கியமானவற்றை மட்டும் பேசுகிறோம், உலகத்தின் பிணத்துக்கும் அதே கதிதான். நலமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்களிடம் அவர்கள் நோயைச் சொன்னால் அது நல்ல வாசனையாக இருக்காது என்றும் சேர்க்கிறார். கவிதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையே பிணத்தின் நாற்றம் முடிவு செய்கிறது.

அடுத்து, முரண்கள் எல்லாம் என்னிடம் வந்து கூடுகின்றன என்று தொடங்கும் அவருடைய பக்தி சானெட். அன்றைய இங்கிலாந்தில், முக்கியமாகத் தேம்ஸ் கழிமுகத்துச் சதுப்பு நிலங்களில், மலேரியா சர்வசாதாரணம். அது முறைக்காய்ச்சல்: ஒரு நாள் குளிர் நடுக்கமும் கொதிப்பும், மறுநாள் ஒன்றுமே இல்லாதது போல, அதற்கு அடுத்த நாள் மறுபடி. நோயாளி நாட்களை நல்ல நாள், கெட்ட நாள் என்று எண்ணிக்கொண்டே இருப்பான். டன் தன் பக்தியை இப்படித்தான் விவரிக்கிறார். நேற்று வானத்தைப் பார்க்கவே துணியவில்லை, இன்று கடவுளிடம் இச்சகம் பேசிக்கொண்டிருக்கிறேன், நாளை அவர் கோலுக்குப் பயந்து நடுங்குவேன். என் பக்தி இந்த விசித்திரக் காய்ச்சலைப் போல வந்து வந்து போகிறது, ஒன்றே ஒன்று மட்டும் வித்தியாசம், இங்கே நான் பயத்தில் நடுங்கும் நாட்களே என் நல்ல நாட்கள். முறைக்காய்ச்சல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவருக்கு இந்தக் கடைசி வரி ஒரு பக்திமொழி மட்டும்தான். தெரிந்தவருக்கு அதுவரை பின்தொடர்ந்த நோய்க்கணக்கு ஒரே வரியில் தலைகீழாவது தெரியும்.

1623 குளிர்காலத்தில் டன்னுக்கே கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் புள்ளிகள், பிழைப்பது சந்தேகம் என்ற நிலை. அப்போதுதான் நோயின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றாக 23 தியானங்கள் எழுதி அடுத்த வருடமே அச்சிட்டார். "எந்த மனிதனும் தனித்தீவு அல்ல" என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் வருகிறது. அது உரைநடை, ஆனாலும் கட்டாயம் படியுங்கள். தலையிலிருந்து ஆவியை இறக்குவதற்காக அவர் பாதங்களில் புறாக்களை வைத்துக் கட்டியது வரை எல்லாம் இருக்கிறது. எனக்கு மறக்கவே முடியாத இடம், மருத்துவர் நோயைக் கவனிப்பதுபோல் நான் மருத்துவரைக் கவனிக்கிறேன் என்று அவர் சொல்வது. மருத்துவர் பயப்படுவது தெரிகிறது, அவரோடு சேர்ந்து நானும் பயப்படுகிறேன், அவரையும் முந்திக்கொண்டு ஓடுகிறேன், அவர் பயத்தை மறைக்கப் பார்ப்பதால் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

நோய்ப்படுக்கையில் இருந்து கடவுளுக்கு என்ற அவருடைய பாடல் இந்தச் சமயத்ததா, 1631-ல் சாகும் தறுவாயில் எழுதியதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அதில் மருத்துவர்கள் குனிந்து பார்க்கிறார்கள், அவர்கள் நிலப்படம் ஆராய்பவர்கள் ஆகிவிட்டார்கள், தட்டையாகப் படுத்திருக்கும் நான் அவர்கள் விரித்த படம். தென்மேற்கு வழியாக ஒரு புதுப் பாதை தெரிகிறது, காய்ச்சல் என்ற ஜலசந்தி வழியாகச் சாவதற்கான பாதை. மெகல்லன் தென்னமெரிக்காவின் அடியில் 1520-ல் கடந்த அந்தக் குறுகலான கடல்வழி நினைவில் இருக்கிறது, தெற்கு என்றால் சூடு, மேற்கு என்றால் அஸ்தமனம். பிறகு வருவது: தட்டையான படத்தில் மேற்கு ஓரமும் கிழக்கு ஓரமும் ஒரே இடம்தான், நானும் ஒரு தட்டைப் படம், ஆகவே மரணம் உயிர்த்தெழுதலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எழுந்து உட்கார முடியாமல் மல்லாந்து கிடப்பதுதான் முழு வாதத்துக்கும் அடிப்படை.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடவில்லை. 1649-ல் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற இளைஞர் கல்யாணத்துக்கு முந்தைய நாள் பெரியம்மையில் இறந்தார். மணப்பெண் அரச மருத்துவர் தியோடோர் மேயெர்னின் மகள். ஹேஸ்டிங்ஸுக்காக வெளியிட்ட இரங்கல் தொகுப்பில் பள்ளி மாணவனாக இருந்த ட்ரைடன் எழுதிய கவிதையில், அம்மைக் கொப்புளங்கள் அல்லி போன்ற தோலில் முளைத்த ரோஜா மொட்டுகள், ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் ஒரு கண்ணீர்த் துளி, தான் எழும்பிய குற்றத்துக்காக அது அழுகிறது. இதுதான் நீங்கள் கேட்ட "அலங்காரம்". உடம்பை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் எழுதியது. அதே தொகுப்பில் ஆண்ட்ரூ மார்வெல், மருத்துவத்தின் தெய்வமே தன்னையும் மேயெர்னையும் குற்றவாளி என்று சொல்லித் தலைகுனிவதாக எழுதி, கலை நீண்டது வாழ்வு குறுகியது என்ற பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் வாக்கியத்தோடு முடிக்கிறார். மருத்துவர்களின் தாரக மந்திரத்தையே அவர்கள் தோல்வியின் சாட்சியாக வைக்கிறார், ட்ரைடனுடையதைவிட எத்தனையோ மடங்கு மேல்.

மில்டனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1652-ல் அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. 1654-ல், பாரிஸ் மருத்துவர் ஒருவரிடம் காட்ட முயல்வதாகச் சொன்ன நண்பர் பிலாராஸுக்கு எழுதிய கடிதத்தில், விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தது, இடக்கண்ணில் மூட்டம் விழுந்தது, கண்ணை மூடிப் படுத்தால் உள்ளிருந்து ஒளி பீறிட்டது என்று அறிகுறிகளை ஒவ்வொன்றாக எழுதுகிறார். அவருடைய காவியமான இழந்த சொர்க்கத்தின் மூன்றாம் காண்டம் ஒளியை வணங்கித் தொடங்குமிடத்தில், இந்தக் கண்கள் உன்னைத் தேடி வீணே சுழல்கின்றன என்று சொல்லிவிட்டு இரண்டு நோய்ப் பெயர்களை வைக்கிறார். ஒன்று "தெளிந்த துளி": கண் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் பார்வை நரம்பு அடைபட்டிருக்கும், சிகிச்சை கிடையாது. மற்றது "மங்கலான படலம்", அதாவது கண்புரை, அதை ஊசியால் தள்ளிவிடும் சிகிச்சை அன்றே உண்டு. இரண்டுக்கும் நடுவே "அல்லது" என்று எழுதுகிறார். மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டும் எது என்று முடிவாகாத ஒருவரின் "அல்லது" அது. அந்த ஒரு சின்னச் சொல்லில் கொஞ்சம் நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருப்பதாக நான் படிக்கிறேன்.

அதே காவியத்தின் பதினோராம் காண்டத்தில் தேவதூதன் மிக்கேல், ஆதாமின் கண்ணை மூலிகையால் சுத்தம் செய்து, மனிதகுலத்துக்கு வரப்போகும் நோய்களை ஒரு மருத்துவமனையாகக் காட்டுகிறான். வலிப்பு, கல்லடைப்பு, சூலை, நீர்க்கோவை, ஆஸ்துமா என்று பெயர் பெயராக வருகிறது, உவமை ஒன்றுகூட இல்லை. 1674 இரண்டாம் பதிப்பில் மில்டன் அந்தப் பட்டியலில் மூன்று வரிகள் சேர்த்தார்: பித்துகள், உடல் தேய்வு, கூடவே ஊரை அழிக்கும் கொள்ளைநோய். சாவு ஈட்டியை ஓங்கிக்கொண்டு நிற்கிறது, ஆனால் எத்தனை கெஞ்சியும் எறியாமல் இழுத்தடிக்கிறது. நாள்பட்ட நோயோடு வாழ்ந்தவர் எழுதிய வரி இது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், 147-ஆம் சானெட், அப்புறம் டன்னின் அந்த முறைக்காய்ச்சல் சானெட், மூன்றாவதாக அமெரிக்காவில் குடியேறிய ஆன் பிராட்ஸ்ட்ரீட். அவர் 1650-ல் வெளியான தொகுப்பில் நான்கு உடல்நீர்களையும் சண்டை போடும் நான்கு சகோதரிகளாக்கி, பெரிய விவாதமே நடத்தியிருக்கிறார், கோட்பாட்டைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. அவரே காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு நன்றியாக எழுதிய சின்னக் கவிதையையும் கூடவே வைத்துப் பாருங்கள்: எரிகிற உடம்பு வியர்வையில் கொதித்தது, தலை வலியில் பிளந்தது என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகிறார். பதிப்பு வாங்கும்போது அடிக்குறிப்புகள் நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நோய்ப் பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் அது எந்த நோய், எப்படி வரும், அன்று என்ன சிகிச்சை என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு அடுத்த வரிக்குப் போங்கள்.